இலையின் சத்தை இறக்கும் தீங்கற்ற திரவங்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களின் மானாவாரி நிலங்களில் விளையும் நிலாவரை இலை, திருநெல்வேலியின் பெயராலேயே அயல்நாட்டு மருந்துக் கடைகளிலும் வழங்கி வருகிறது. இவ்விலைக்கு மலமிளக்கும் குணத்தை அளிப்பவை சென்னோஸைடு எனப்படும் பதார்த்தங்கள். இவற்றை 1941-ல் ஸ்விட்ஜர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் என்பவரும் அவருடைய சகாக்களும் தனியே பிரித்தெடுத்தனர். காய்ந்த இலையில் இவை நூற்றுக்குச் சுமார் 2 முதல் 3 பங்கே உள்ளன. எஞ்சியவை நார், பிசின், மெழுகு, பச்சையம் முதலியன. ஆகவே, வேண்டியதை மட்டும் கரைத்து இறக்கும் திரவம் எதுவென்பதே மருந்து செய்வோரின் முதல் கவலையாகும்.

இலைச் சத்துக்களை இறக்க மெதில் ஆல்கஹாலும், பெட்ரோலிய எண்ணெயினின்று கிடைக்கும் ஹெக்ஸேனும் பெரிதும் உபயோகிக்கப்பட்டு வந்திருக்கின்றன. முன்னது உட்கொள்ளப்பட்டால் கண்பார்வையைக் கெடுக்கும். பின்னதன் ஆவியை நெடுநாள் சுவாசிக்கும் தொழிலாளரின் நரம்புகள் பழுதுறும். இரண்டும் எளிதில் தீப்பற்றுபவை. மருந்தில் இவை அளவு மீறித் தங்கலாகாது. இக்காரணங்களாலேயே பசுமைக் கரைப்பான்கள் எனப்படும் தீங்கு குறைந்த திரவங்கள் நாடப்படுகின்றன.

இவற்றுள் முதன்மையானது ஜலம். ஆனால் அது பிசினையும் சர்க்கரையையும் சேர்த்தே இறக்கும். வடிநீரும் விரைவில் புளித்துவிடும். ஜலத்துடன் எதில் ஆல்கஹால் எனும் சாராயத்தைக் கலந்தால் பிசின் பெரும்பாலும் இலையிலேயே தங்கிவிடும். இச்சாராயம் 78 டிகிரி உஷ்ணத்தில் ஆவியாவதால், அதை வடித்து மீண்டும் உபயோகிக்கலாம். சென்னோஸைடு அதிகச் சூட்டில் கெடுமாதலால், அழுத்தத்தைக் குறைத்து இதனிலும் தாழ்ந்த உஷ்ணத்தில் வடித்தல் நலம். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்தே இச்சாராயம் கிடைப்பதால் கரும்புக் குடியானவர்க்கும் இதில் பங்குண்டு.

கரியமில வாயுவை 31 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் காற்றழுத்தத்தைப் போல் 73 மடங்குக்கு மேல் அழுத்தினால், அது வாயுவுமன்றித் திரவமுமன்றி ஒரு நிலையை அடைந்து, எண்ணெய்களையும் வாசனைச் சத்துக்களையும் நன்கு கரைக்கும். அழுத்தத்தை நீக்கியதும் மிச்சமின்றிப் பறந்துவிடும். எனினும், ஜலத்தை நாடும் சென்னோஸைடு அதில் கரையாது. இயந்திரச் செலவும் அதிகம்.

இன்னொரு வகையும் உண்டு. 133 டிகிரியில் உருகும் யூரியாவுடன், கோழித் தீவனத்தில் சேர்க்கப்படும் கோலின் குளோரைடைத் தக்கபடி கலந்தால், அக்கலவை 12 டிகிரியிலேயே திரவமாகிவிடும். இது 2003-ல் இங்கிலாந்தில் வெளியாயிற்று. பின்னர் சர்க்கரைகளையும் பழ அமிலங்களையும் கொண்டு இத்தகைய திரவங்கள் செய்யப்பட்டன. இவை ஆவியாகாமையால் தீப்பற்றும் பயம் குறைவு. ஆனால் அதே காரணத்தால் சத்தை இவற்றினின்று பிரித்தெடுப்பது கடினம்.

திரவம் எதுவாயினும், உலர்த்தும்போது அழிந்த சத்தை அது மீட்டுத் தராது. ஈரத்தோடு குவித்து வைத்த இலை சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகையால், பறித்த இலையை அன்றே நிழலில் மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, பசுமை மாறாமல் நன்கு உலர்த்தி, ஈரம் படாத சாக்குகளில் கட்டிவைத்தல் வேண்டும். சத்தைக் காப்பது குடியானவரின் களத்திலேயே தொடங்குகிறது.