உங்களுக்குத் தெரியுமா? நாடியும் பார்த்தார், நாகமும் பிடித்தார்

ராஜநாகத்துக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்தவர் ஒரு டாக்டர். பெயர் தியோடர் கேண்டர். டென்மார்க்கில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகச் சேர்ந்தவர். வங்காளத்தில் கிடைத்த பாம்பை 1836இல் விவரித்து எழுதினார். உயிரோடு வளர்த்தும் பார்த்தார். தீனி? மற்ற பாம்புகள்தான், விஷப் பாம்பா, சாதுப் பாம்பா என்ற பேதமே அதற்குக் கிடையாது. பினாங்கின் புக்கிட் தெங்காவில் இன்று வீட்டுக் கொல்லையில் ராஜநாகம் தலைகாட்டினால் பொதுத் தற்காப்புப் படையைக் கூப்பிடுவோம். அன்று கேண்டரைக் கூப்பிட்டிருந்தால், கடிபட்டவரை விட்டுவிட்டுப் பாம்பைத்தான் முதலில் பார்த்திருப்பார் என்று எனக்கொரு சந்தேகம்.

ஓப்பியம் போரில் 1840இல் பிரிட்டிஷ் படை சீனாவின் சூஷான் தீவில் இறங்கியது. கேண்டரும் கூடப் போனார். அங்கிருந்து அவர் கொண்டுவந்த கணக்கில் சீன நல்லபாம்பும் ஒரு தேரையும் உண்டு. இரண்டுக்கும் அவர் 1842இல் இட்ட பெயர்களே இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

பிறகு பினாங்கு. மலாயாவின் பாலூட்டிகளுக்கு 1846இல் ஒரு பட்டியல், ஊர்வனவற்றுக்கு 1847இல் ஒன்று, மீன்களுக்கு 1849இல் ஒன்று. வைத்தியம் பார்க்க நேரம் எங்கே கிடைத்ததோ!

அந்த மீன் பட்டியலில் ஒரு வேடிக்கை. பினாங்கு ஓடைகளில் இருந்த ஒரு சிறு மீனுக்குச் சண்டைக்காரன் என்று பொருள்படும் ‘பக்னாக்ஸ்’ என்ற பெயரை வைத்தார். ஆனால் அதுவோ குடும்பஸ்தன்! பெண் மீன் இட்ட முட்டைகளை ஆண் மீன் வாயில் அள்ளிக்கொண்டு, குஞ்சு பொரிக்கும்வரை அப்படியே சுமக்கும். நிஜமான சண்டைக்காரன் சயாமில் இருந்தது. கேண்டரின் கைக்கு வந்துசேர்ந்த சயாம் மீனையும் இதன் இன்னொரு வகை என்றே நினைத்துவிட்டார். மீன் சண்டை நடத்தும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு சயாம் மன்னர் வருமானம் பார்த்ததையும், பந்தயத்தில் சிலர் பெற்ற பிள்ளைகளையே வைத்ததையும்கூட அவர் எழுதியிருக்கிறார். லண்டனைச் சேர்ந்த சார்லஸ் டேட் ரீகன், இரண்டும் வேறு வேறு இனம் என்று சொல்லி 1910இல் சயாம் மீனுக்குத் தனிப் பெயர் கொடுத்தார். கண்ணாடிப் போத்தலில் வால் விரித்து நிற்கும் கடைமீன் அதுதான். சாதுவான பினாங்கு மீனுக்கோ சண்டைக்காரன் பட்டம் இன்னும் போகவில்லை.

காப்பிப் பாக்கெட்டில் பார்க்கிறோமே, தொங்காட் அலி? அதன் அறிவியல் பெயரும் ஒரு டாக்டர் இட்டதே. அபர்டீனில் 1795இல் பிறந்த வில்லியம் ஜாக், கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸோடு வந்து 1819இல் பினாங்கில் செடிகள் சேகரித்தார். தொங்காட் அலியை 1822இல் விவரித்தார். அதே ஆண்டு சுமத்ராவின் பெங்கூலனில் காலமானார். வயது 27தான். அவருடைய சேகரிப்பில் பெரும்பகுதி ராஃபிள்ஸ் ஊர் திரும்பிய ‘ஃபேம்’ கப்பலில் ஏறியது. புறப்பட்ட அன்றே, 1824 பிப்ரவரி 2 இரவில், கப்பல் தீப்பிடித்தது. பீப்பாயில் பிராந்தி எடுக்கப் போனவர் கையில் மூடாத விளக்கு! பயணிகள் பிழைத்தார்கள், ஜாக்கின் உழைப்பு கடலோடு போயிற்று.

தாளிதத்தில் போடும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரிலும் ஒரு மருத்துவர் இருக்கிறார். தரங்கம்பாடிக்கு 1768இல் வந்த யோஹான் கேர்ஹார்ட் கேனிக். ஆற்காடு நவாபிடமும் வேலை பார்த்தவர். 1779 வாக்கில் சயாம், மலாக்கா வரை சுற்றிவிட்டுத் திரும்பினார். பெயர் சூட்டியது அவருடைய குரு லின்னேயஸ்.

கேண்டர் பெயரில் ஒரு பெரிய மென்னோட்டு ஆமையும் உண்டு. நாளின் பெரும்பகுதி ஆற்று மணலில் புதைந்தே கிடக்கும். மூச்சுவிட மட்டும் அவ்வப்போது மேலே வரும். அற்றுப்போய்விட்டதோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, 2007இல் கம்போடியாவின் மேகோங் ஆற்றில் மறுபடி கண்டுபிடித்தார்கள்.