பயிர்க் காவலும் ஒற்றை வேட்டுத் துப்பாக்கியும்

உழுது, விதைத்து, நீர் பாய்ச்சி, அறுவடைக்குச் சில தினங்களே எஞ்சியிருக்கையில் காட்டுப்பன்றிக் கூட்டமொன்று ஓரிரவில் புகுந்து மக்காச்சோளத்தையோ நிலக்கடலையையோ பாழாக்கிச் செல்லுமாயின், குடியானவருக்கு உண்டாகும் வேதனை சொல்லுந்தரமன்று. அவ்வேளையில் அவர் மனம் முதலில் நாடுவது துப்பாக்கியையே. அதிலும், விலை குறைந்ததும், எளிதில் பழுதுபடாததும், ஒரு தடவைக்கு ஒரே வேட்டு வெடிப்பதுமான துப்பாக்கியிடம் கிராமவாசிகளுக்கு நெடுங்காலமாகப் பற்று உண்டு. அப்பற்று நியாயமானதே. ஆயினும், துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை வேறு. அதைக்கொண்டு வனவிலங்கைச் சுடும் உரிமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதாலேயே பலருக்குத் துன்பம் நேரிடுகின்றது. ஆகவே, இத்துப்பாக்கியின் அமைப்பும் அனுகூலமும், அதற்குச் சட்டம் இட்டுள்ள வரம்பும் நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் நன்கு அறிந்திருக்கவேண்டியவையாம்.

துப்பாக்கியின் வகைகள்

ஒற்றை வேட்டுத் துப்பாக்கிகளுள் மிகப் பழமையானது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத்துப்பாக்கி. குழலின் வாயில் கருமருந்தை அளந்து கொட்டி, அதன்மேல் அடைப்பு வைத்து, ஈய ரவைகளை இட்டு, மறுபடியும் அடைத்து, கோலால் இடித்து இறுக்கி, அடிப்புறத்திலுள்ள முளையின்மீது கேப்பைப் பொருத்திய பின்னரே சுடவியலும். இரண்டாம் வேட்டுக்கு இவ்வளவையும் திரும்பச் செய்யவேண்டும். மழை ஈரத்தில் மருந்து நமுத்துப்போவது இதன் பெருங்குறை.

அடுத்தது, பின்புறம் மடக்கித் திறந்து தோட்டா இடும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. நெம்பை அழுத்தினால் குழல் கீழே சாயும். தோட்டாவை நுழைத்து மூடி, குதிரையைப் பின்னுக்கு இழுத்து, விசையை அழுத்தினால் வெடிக்கும். இதில் பெரும்பாலும் வழங்குவது பன்னிரண்டு போர் என்னும் அளவு. குழலின் துவாரத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்து ஒரு பவுண்டு எடை நிற்பதால் அப்பெயர் வந்தது. பீகாரிலுள்ள முங்கேர் நகரத்து லைசென்ஸ் பெற்ற தொழிற்சாலைகள் இவ்வகைத் துப்பாக்கிகளுக்குப் பேர்போனவை.

மூன்றாவது ரைபிள். மேற்சொன்ன இரண்டிலும் குழலின் உட்புறம் வழவழப்பாயிருக்கும். ரைபிளிலோ திருகுபுரி வெட்டப்பட்டிருக்கும். அப்புரியால் குண்டு சுழன்று, நெடுந்தூரம் நேராகச் செல்லும். 1871 ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் சேனை கைக்கொண்ட மார்ட்டினி ஹென்றி ரைபிள் ஒற்றை வேட்டு வகையில் பெயர்பெற்றது. குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட ஜிம் கார்பெட், சிறுவயதில் ஒரு குழல் பிளந்துபோன பழைய கெட்டிப்புத் துப்பாக்கியைக்கொண்டு பழகியவர். தமது முதற் சிறுத்தையை வீழ்த்தியது இத்தகைய மார்ட்டினி ரைபிளாலேயே என்று 1953 ஆம் வருஷத்தில் வெளிவந்த தமது நூலில் கூறியுள்ளார்.

ஒற்றை வேட்டின் அனுகூலங்கள்

முதலாவது, எளிமை. குழல், கட்டை, குதிரை, விசை, வில் ஆகிய சில உறுப்புகளே உண்டு. தோட்டாப் பெட்டி முதலிய சிக்கலான பாகங்கள் இல்லை. ஆதலால் விலையும் சகாயம். துடைத்து எண்ணெயிட்டு வைப்பதும் சுலபம். இரண்டாவது, பத்திரம். குழலை மடக்கித் திறந்து வைத்தால் உள்ளே தோட்டா உண்டா இல்லையா என்பது தூரத்தே நிற்பவர் கண்ணுக்கும் தெரியும். திறந்த துப்பாக்கி வெடியாது. மூன்றாவதும் முக்கியமானதும் நிதானம். இரண்டாம் வேட்டு உடனே கிட்டாது என்று அறிந்தவன், விலங்கு அருகில் வரும்வரை பொறுத்து, இன்னதென்று தெளிந்து, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தே சுடுவான். ஐந்து தோட்டா உள்ளவனோ முதல் வேட்டைத் தாராளமாய் வீணாக்குவான். ஏழைக்கு ஏற்ற கருவி எனப்படும் இத்துப்பாக்கி, உண்மையில் பொறுமையுள்ளவனுக்கு ஏற்ற கருவியேயாகும்.

லைசென்ஸ் விதிகள்

1878 ஆம் வருஷத்திய ஆயுதச் சட்டம் இந்தியர்கள் லைசென்ஸின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. அதற்குப் பதிலாக வந்த 1959 ஆம் வருஷத்திய சட்டமே இன்றும் அமலில் உள்ளது. இச்சட்டத்தின் 13 ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்பைத் தனியே குறிப்பிட்டு, உண்மையான பயிர்க் காவலுக்கென வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியை முதலில் வைத்துள்ளது. அது போதாதென்று லைசென்ஸ் அதிகாரி கருதினால், புரியற்ற வேறு துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். ரைபிள் இந்தச் சலுகையில் சேராது. ஆகவே, எளிய துப்பாக்கியே குடியானவருக்கு ஏற்றதென்பது சட்டத்தின் கருத்துமாகும்.

நகரப் போலீஸ் கமிஷனரின் எல்லைக்குள் கமிஷனரும், பிற இடங்களில் ஜில்லா கலெக்டரும் லைசென்ஸ் அதிகாரிகள். 2019 ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி லைசென்ஸின் காலம் ஐந்து வருஷம். ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்குமேல் வைத்திருக்கலாகாது. தேர்தல் காலங்களில் உத்தரவு வரின் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது பெறவேண்டும். லைசென்ஸ்தாரர் காலமானால், பாட்டனார் காலத்துச் சொத்தென்று அதைப் பரணில் போட்டுவைப்பது பெருந்தவறு. வாரிசுகள் உடனே போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வேண்டுமானால் தங்கள் பெயரில் லைசென்ஸுக்கு மனுச் செய்துகொள்ளலாம்.

குடகு நாட்டில் மட்டும் நிலைமை வேறு. குடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் லைசென்ஸிலிருந்து பழைய காலம் முதலே விலக்கு உண்டு; 2019 ஆம் வருஷத்தில் அது மேலும் பத்து வருஷங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. அங்கே கைல்போள்து பண்டிகையன்று துப்பாக்கிக்குப் பூஜை நடப்பதும் வழக்கம். எனினும், அவ்விலக்கும் துப்பாக்கி வைத்திருப்பதற்கே, வேட்டைக்கன்று.

வேட்டைக்கு உள்ள தடை

1972 ஆம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. முதலில் சில விலங்குகளை லைசென்ஸ் பெற்று வேட்டையாட இடமிருந்தது. 1991 ஆம் வருஷத்துத் திருத்தம் அவ்வழியையும் அடைத்தது. காட்டுப்பன்றி இப்போது இரண்டாம் அட்டவணையில் உள்ளது. நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கு அது கேடு விளைக்குமாயின், தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ எழுத்துமூலம் அனுமதித்தால் மட்டுமே கொல்லலாம். அவ்வாறு கொல்லப்பட்டதும் சர்க்காரின் சொத்தே. இறைச்சியைப் பங்கிடுவதும் விற்பதும் குற்றம்.

பிற மாகாணங்களில் வெவ்வேறு முறைகள் கையாளப்பட்டுள்ளன. பீகாரிலும் உத்தராகண்டிலும் காட்டுப்பன்றி குறித்த காலத்துக்குத் தீங்கு விலங்கென அறிவிக்கப்பட்டதுண்டு. கேரளத்தில் 2022 ஆம் வருஷம் முதல் உள்ளூராட்சித் தலைவர்கள் சுட உத்தரவிட அதிகாரம் பெற்றனர். அங்கே துப்பாக்கி லைசென்ஸ் உள்ள குடியானவர்களும் அப்பணிக்கு அழைக்கப்படுகின்றனர். தமிழ்நாட்டில் 2025 ஆம் வருஷம் ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முறை இது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடுதல் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வன இலாகாவினர் சுடலாம். தனி நபர் எவருக்கும், லைசென்ஸ் இருப்பினும், தாமே சுட அதிகாரமில்லை.

வீரபாண்டியின் நிலைமை

திருப்பூருக்குத் தெற்கே பல்லடம் சாலைப் பக்கமாயுள்ள வீரபாண்டி 2011 ஆம் வருஷத்தில் மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. இந்த வட்டாரத்தில் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே பனியன் கம்பெனிகளும், சாயப்பட்டறைகளும், தொழிலாளர் குடியிருப்புகளும் நெருங்கி எழுந்துள்ளன. இரவு ஷிப்டு முடிந்து ஆணும் பெண்ணும் வண்டிப் பாதைகளில் நடந்து செல்கின்றனர். இத்தகைய இடத்தில் குண்டு செல்லும் தூரத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். பன்னிரண்டு போர் துப்பாக்கியின் ரவை சுமார் 40 கஜத்துக்குள்தான் குறியைத் திறம்படத் தாக்கும். ஆனால் பெரிய ரவைகள் அதைப்போலப் பன்மடங்கு தூரம் சென்று விழும். ரைபிள்களுள் சிறியதான 22 போரின் குண்டோ ஒன்றரை மைல் வரை செல்லவல்லது. காட்டின் நடுவே சாளையிலிருந்து சுட்ட குண்டு, அடுத்த ஊரில் யார்மேல் படும் என்று எவரால் கூறவியலும்? பயிர்க் காவலுக்கு ரைபிள் தகாதென்பதற்கு இஃதொன்றே போதும்.

மேலும், இவ்வட்டாரத்தில் மலிந்துள்ள பறவை மயில். அது 1963 ஆம் வருஷம் முதல் தேசியப் பறவை. முதல் அட்டவணையில் உள்ளது. அதைச் சுடுவோருக்கு மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை சிறைத்தண்டனை உண்டு. விதைத்த நிலத்தை மயில் கிளறுகிறதென்று துப்பாக்கியை எடுப்பவர், ஒருபடி விதைக்காக ஒரு குடும்பத்தையே இழப்பார்.

செய்யத் தகாதவை

துப்பாக்கி கிடைக்காத ஆத்திரத்தில் சிலர் இதைவிடக் கொடிய வழிகளை நாடுகின்றனர். கோயமுத்தூர்ப் பிரதேசத்தில் அவுட்டுக்காய் எனப்படும் நாட்டு வெடி, பன்றிக்கென்று தீனியில் மறைத்து வைக்கப்பட்டு, யானைகளின் வாயைச் சிதைத்துள்ளது. ஆடு மாடுகளுக்கும் அதே கதி நேரும். மின்கம்பியிலிருந்து நேரே கொக்கி போட்டு வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது மற்றொன்று. 2023 ஆம் வருஷம் மார்ச்சில் தர்மபுரி ஜில்லா மாரண்டஹள்ளியருகே இவ்வாறு மூன்று யானைகள் மாண்டன. விடியலில் மடை திருப்பப்போகும் தோட்டக்காரரும் அவர் பிள்ளைகளும் அதே கம்பியில் படக்கூடும் என்பதை மறக்கலாகாது.

செய்யத் தக்கவை

1. சூரிய மின்வேலி: விட்டுவிட்டுப் பாயும் அதிர்ச்சியால் விலங்கை விரட்டுமேயன்றிக் கொல்லாது. 2023 ஆம் வருஷத்துத் தமிழ்நாடு மின்வேலி விதிகளை வன இலாகாவில் விசாரித்தறிந்து அமைக்கவேண்டும்.

2. பழைய வர்ணச் சேலைகளை வரப்பைச் சுற்றி இரண்டடி உயரத்தில் கட்டுவது செலவற்ற உபாயம். பன்றிக்கு இவை பழகிப்போகுமாதலால், சில தினங்களுக்கொருமுறை இடம் மாற்றவேண்டும்.

3. பகலில் பன்றிகள் பதுங்குமிடம் சீமைக்கருவேலம் புதர். தோட்டத்தை அடுத்த புதரை வேரோடு நீக்குவது பாதிக் காவலாகும். அண்டைக்காரர்கள் கூடிச் செய்தாலன்றி இதனால் பயனில்லை.

4. சேதம் கண்ட அன்றே, குளம்படி தெரியும்படி படமெடுத்து, கிராம நிர்வாக அதிகாரிக்கும் வன இலாகாவுக்கும் எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும். அடங்கலில் பயிர் சரியாகப் பதிவாகியிருந்தால்தான் நஷ்ட ஈட்டு மனுவுக்குப் பலமுண்டு. கிராம உத்தியோகஸ்தர்கள் இப்பதிவில் காட்டும் கவனம், பயிரைக் காக்கும் வேலிக்குச் சமானம்.

லைசென்ஸுடன் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைத் திறந்த நிலையிலேயே எடுத்துச் செல்லவும். வேலியைத் தாண்டுமுன் தோட்டாவை அகற்றவும். வீட்டில் துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டி வைக்கவும். இருளில் அசைவையோ, ஓசையையோ, மின்னும் கண்களையோ குறியாகக் கொள்ளுதல் ஒருகாலும் கூடாது.

ஒற்றை வேட்டுத் துப்பாக்கி கற்பிக்கும் பாடம் யாதெனில், விசையை அழுத்துமுன் யோசிக்கவேண்டும் என்பதே. அனுமதியில்லாத இடத்தில் அந்த யோசனையின் முடிவு சுடாமலிருப்பதேயாகும். சேதத்தைப் பதிவு செய்து, வேலியைச் செப்பனிட்டு, சுடவேண்டிய பன்றியைச் சுடும் பொறுப்பை அதிகாரம் பெற்றவரிடம் விடும் குடியானவர், தம் பயிரையும் தம் குடும்பத்தின் மானத்தையும் ஒருங்கே காத்துக்கொள்பவராவார்.