கம்பை விடணுமா? சிலம்பமும் கோடை இன்டெர்ன்ஷிப்பும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் ஸ்ரீவைகுண்டம். சாயங்காலம் நான் சிலம்பம் கத்துக்கிட்ட களத்துக்குப் போனா, இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிற ஒரு தம்பி ஓரமா நின்னுக்கிட்டு இருந்தான். கையில கம்பு இல்ல. என்னன்னு கேட்டேன். "அண்ணே, அடுத்த லீவுக்கு எப்படியாவது ஒரு இன்டெர்ன்ஷிப் வாங்கணும். வீட்ல கம்பை விட்டுருன்னு சொல்லுதாவ. விட்டுறவா?" அப்படின்னான்.

அன்னைக்கு "யோசிச்சுச் சொல்றேன்டா"ன்னு வந்துட்டேன். இந்த எபிசோட்தான் அவனுக்கான பதில். ஏன்னா இதே முடிவை மூணாவது வருஷத்துல நானும் எடுத்தேன். தப்பா எடுத்தேன்.

அப்போ என் நாள் இப்படி இருக்கும். காலையில ரயில்ல திருநெல்வேலிப் பக்கம் காலேஜ். சாயங்காலம் வீடு. ஆறு மணியில இருந்து எட்டு மணி வரைக்கும் களம். ஆகஸ்ட்ல ஒரு கம்பெனி எங்க காலேஜுக்கு ஆன்லைன் கோடிங் டெஸ்ட் வச்சாங்க, சனிக்கிழமை காலையில. முந்தின நாள் வெள்ளிக்கிழமை நான் வழக்கம்போல தொடுமுறைக்கு நின்னேன். எதிர்ல இருந்தவன் கம்பு என் வலது கை ஆள்காட்டி விரல் மொழியில பட்டுருச்சு. காலையில விரல் மடங்கல. மூணு கேள்வியில ரெண்டுக்கு விடை தெரியும். ஆனா டைப் பண்ண முடியாம நேரம் போயிருச்சு. லிஸ்ட்ல பேர் வரல.

கோபத்துல கம்பை மூலையில வச்சேன். எட்டு மாசம் தொடல. அந்த எட்டு மாசத்துல கூடுதலாப் படிச்சேனான்னு கேட்டா, இல்ல. களத்துக்குப் போற ரெண்டு மணி நேரத்தை ஃபோன்தான் எடுத்துக்கிச்சு. அப்புறம் யோசிச்சப்போதான் புரிஞ்சுது, என்னைத் தோக்கடிச்சது தினமும் போற ரெண்டு மணி நேரம் இல்ல, அந்த வெள்ளிக்கிழமை. நாம இதை 24 மணி நேரத்துக்குள்ள அடைக்கிற பிரச்சினையாப் பாக்குறோம். உண்மையில இது 12 மாசக் காலண்டர்ல தீர்க்க வேண்டிய பிரச்சினை.

முதல்ல வேலைப் பக்கத்துக் காலண்டர். கோடை வேலையைக் கோடையில தேடுறது இல்ல. பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகள் அடுத்த மே, ஜூனுக்கான ஆளை பெரும்பாலும் முந்தின வருஷம் ஜூலையில இருந்து அக்டோபருக்குள்ள எடுத்துருவாங்க. சின்னக் கம்பெனிகள், ஸ்டார்ட்அப்கள் ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் எடுப்பாங்க. தூத்துக்குடிப் பக்கம் தொழிற்சாலைகள்ல பயிற்சி வேணும்னா காலேஜ் லெட்டரோட மார்ச்சுக்குள்ளயாவது அணுகிறது நல்லது. ஏப்ரல் கடைசியில ரெஸ்யூமே தயார் பண்ண உக்கார்ற ஆளு ரொம்ப லேட்.

அடுத்தது சிலம்பத்துப் பக்கம். கல்லூரி மாணவர்களுக்கு முக்கியமான மேடை முதலமைச்சர் கோப்பை. 2024-ல மாவட்டப் போட்டிகள் செப்டம்பர்லயும் மாநிலப் போட்டிகள் அக்டோபர்லயும் நடந்துச்சு. இப்போ ரெண்டு காலண்டரையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. மோதுறது கோடையில இல்ல, ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும்தான். நவம்பர், டிசம்பர்லயும் ஏப்ரல், மேயிலயும் செமஸ்டர் தேர்வு வந்து சேர்ந்துக்கும்.

எங்க ஊர்க்காரங்களுக்கு இதைச் சுலபமாச் சொல்லலாம். தாமிரபரணியில இருக்கிற எட்டு அணைக்கட்டுல கடைசி ஸ்ரீவைகுண்டம் அணை. அங்க இருந்து வடகால், தென்கால்னு ரெண்டு வாய்க்கால் பிரியுது. ஆத்துல தண்ணி கம்மியா இருக்கிறப்போ ரெண்டையும் முழுசாத் திறக்க முடியாது. அதுக்காக ஒண்ணை வருஷம் பூரா அடைச்சா அந்தப் பக்கத்து வயல் காஞ்சிரும். முறை வச்சு விடணும்.

சரி, பயிற்சியை எவ்வளவு குறைக்கலாம்? உடற்பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல வந்த ஒரு கட்டுரை இதுக்கு நல்ல பதில் சொல்லுது. புதுசா வலு சேர்க்கத்தான் நிறைய உழைப்பு வேணும். சேர்த்து வச்சதைக் காப்பாத்தக் கொஞ்சம் போதும். மூச்சுத் திறனை வாரம் ரெண்டு தடவைப் பயிற்சியிலயே 15 வாரம் வரைக்கும் தக்க வைக்கலாம். தசை வலுவுக்கு வாரம் ஒரு தடவைகூடப் போதும். ஒரே நிபந்தனை, செய்யிற நேரத்துல வேகத்தையும் அழுத்தத்தையும் குறைக்கக் கூடாது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைக்கும் கிட்டத்தட்ட 13 வாரம்தான். கணக்கு சரியா வருதா?

அதனால அந்த மாசங்கள்ல நான் சொல்ற திட்டம் இதுதான். வாரம் ரெண்டு நாள் களம், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். காலடி வரிசை இருபது நிமிஷம், கம்பு வீச்சு இருபது நிமிஷம், மிச்சம் ஜோடி போட்டு. மத்த நாள்ல வெறுங்கையில காலடி மட்டும் பத்து நிமிஷம். ஹாஸ்டல் ரூம்ல நெத்தி உயரக் கம்பைச் சுத்தினா ஃபேன் போயிரும், காலடிக்கு நாலு அடி இடம் போதும். டெஸ்ட், இன்டர்வியூ இருக்கிற வாரத்துல தொடுமுறை கிடையவே கிடையாது. வாத்தியார்கிட்ட முன்னாடியே தேதியைச் சொல்லிருங்க. போட்டிக்குத் தேர்வாகியிருந்தா அந்த ரெண்டு வாரம் மட்டும் முறையை மாத்திக்கோங்க, கம்பு முதல்ல, கோடிங் காப்பாத்துற அளவுக்கு.

டிசம்பர் கடைசி, ஜனவரி, ஜூன் ஓரளவு ஃப்ரீயான மாசங்கள். புது வரிசை, ரெட்டைக் கம்பு, சுருள்வாள் எல்லாம் அப்போ கத்துக்கலாம்.

கோடையில இன்டெர்ன்ஷிப் கிடைச்சுட்டாலும் இதே கதைதான். எங்க ஊர் மே மாச வெயில்ல பத்து மணிக்கு மேல யாரும் கம்பு சுத்த முடியாது. அதனால காலையில ஆறு மணியில இருந்து ஏழரை வரைக்கும் களம், பிறகு ஆபீஸ். இன்டெர்ன்ஷிப் கிடைக்கலையா? லீவுல சின்னப் பிள்ளைங்களுக்கு முகாம் நடக்கும், வாத்தியாருக்கு உதவியா நில்லுங்க. கைச்செலவுக்கு ஆகும், பகல் பூரா ஒரு ப்ராஜெக்ட் செய்ய நேரமும் இருக்கும். "பணம் கட்டுங்க, இன்டெர்ன்ஷிப் தர்றோம்"னு வர்ற மெசேஜுக்கு மட்டும் பதில் போடாதீங்க. வேலை செய்யிறவனுக்குத்தான் காசு வரணும்.

ரெஸ்யூமேல கடைசி வரியில "பொழுதுபோக்கு: சிலம்பம்"னு எழுதாதீங்க. முகாம்ல எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தீங்க, எத்தனை வருஷம், எந்தப் போட்டியில எந்த நிலை வரைக்கும் போனீங்கன்னு எழுதுங்க. இன்டர்வியூ எடுக்கிற ஆளா இப்போ நானும் உக்காந்திருக்கேன். அப்படி ஒரு வரி இருந்தா நிச்சயமா அதுல ஒரு கேள்வி கேப்பேன்.

இன்னொரு விஷயம், வீட்டுல உள்ளவங்களுக்கு. தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கு. 2021-ல சிலம்பத்தையும் அந்தப் பட்டியல்ல சேர்த்தாங்க. 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுல சிலம்பம் செயல்விளக்க விளையாட்டா இருந்துச்சு. அதனால கம்புக்கு எதிர்காலமே இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா எல்லா சான்றிதழும் செல்லாது. நுழைவுக் கட்டணம் வாங்கிட்டு "தேசியப் போட்டி", "உலக சாதனை"ன்னு அட்டை கொடுக்கிறவங்க நிறையப் பேர் இருக்காங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி, அந்த அமைப்புக்கு அரசு அங்கீகாரம் இருக்கான்னு மாவட்ட விளையாட்டு அலுவலகத்துல ஒரு தடவை கேட்டுருங்க. அதையே நம்பிப் படிப்பை விட்டுறவும் கூடாது. 3 சதவீதம்னா 3 சதவீதம்தான்.

எட்டு மாசம் கழிச்சு நான் திரும்பக் களத்துக்குப் போனப்போ மணிக்கட்டு சொன்ன பேச்சைக் கேக்கல. பன்னிரண்டு வயசுப் பையன் என்னைத் தொட்டுட்டுப் போயிட்டான். வாத்தியார் திட்டல. "ஏல, பரீட்சைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கு உன்ன நிறுத்தியிருக்கவே மாட்டேனே"ன்னு மட்டும் சொன்னார். எட்டு மாசத்துக்கு முன்னாடி நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரே வார்த்தை அது.

அதனால தம்பி, கம்பை விடாத. இந்த வாரமே ஒரு பேப்பர்ல பன்னிரண்டு மாசத்தையும் எழுது. தேர்வு, டெஸ்ட், போட்டி மூணையும் அதுல குறி. ஒரு காப்பி வாத்தியார்கிட்ட கொடு, ஒரு காப்பியை வீட்டுல சுவத்துல ஒட்டு. அம்மா பாத்துட்டு என்ன சொன்னாங்கன்னு எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பு.

மத்தவங்களும் உங்க காலண்டர்ல எந்த மாசம் மோதுதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.