சிவப்பு விளக்கு சொல்லாததை முள் சொல்லும்

கார்த்திகை தீபத்தின்போது திருவண்ணாமலை மாட வீதிகளில் நடந்திருக்கிறீர்களா? அங்கே ஒரு காகிதப் பீப்பி விற்பார்கள். சுருண்டு கிடக்கும் அதை வாயில் வைத்து ஊதினால் விறைத்து நீண்டு, எதிரில் நிற்பவர் மூக்கைத் தொடும். ஊதுவதை நிறுத்தினால் மீண்டும் சுருண்டு கொள்ளும். இந்த விளையாட்டுச் சாமானைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

பௌர்ணமியன்று அதே ஊருக்கு வரும் சாலைகளில் கார்கள் நின்று நின்று ஊர்கின்றன. வெயில் வேறு. அவற்றில் ஒரு காரில், எண்ணெய்க் குவளை படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். உடனே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். அதில் ஐயமே இல்லை. ஆனால் பழுது எஞ்சினிலா, விளக்கிலா?

எஞ்சினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் என்னும் கனத்த தண்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழல்கிறது. அது பேரிங்கைத் தொட்டுக்கொண்டு சுழல்வதில்லை. நம் தலைமுடியின் பருமன்கூட இல்லாத இடைவெளியில், ஆயில் படலத்தின்மேல் மிதக்கிறது! அந்தப் படலம் அறுந்தால் உலோகமும் உலோகமும் உராய்ந்து, சூடேறி, சில நிமிடங்களில் எஞ்சின் இறுகிவிடும்.

ஆயில் அழுத்தத்தைப் பம்ப்தான் உண்டாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். வெளியேறும் வழி குறுகலாக இருப்பதால்தான் அழுத்தம் பிறக்கிறது. தோட்டத்து ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்திப் பார்த்திருப்பீர்களே, அதே கதை. எனவே வழி அகன்றால் அழுத்தம் விழும். பேரிங் தேய்ந்து இடைவெளி இருமடங்கானால் கசிவு இருமடங்கு ஆவதில்லை. ஏறக்குறைய எட்டு மடங்கு ஆகிறது. கசிவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப வளர்வதே காரணம். ஆயில் சூடாகி நீர்த்தாலும் எளிதாக நழுவி ஓடும். மெதுவாக ஓடும் எஞ்சினில் பம்பும் மெதுவாகச் சுற்றும். பௌர்ணமி நெரிசலில் ஊரும் காருக்கு இவை இரண்டும் சேர்ந்து வாய்க்கின்றன.

சிவப்பு விளக்கு இதையெல்லாம் அறியாது. அதன் பின்னால் இருப்பது ஒரு சிறிய ஸ்விட்ச். பல கார்களில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கினால்தான் அது விளக்கை எரிய விடும். அதற்குச் சற்று மேலே இருந்தாலும் மௌனம்தான். ஸ்விட்சே கெட்டுப்போய்ப் பொய் சொல்வதும் உண்டு. அதை நம்பி எஞ்சினைப் பிரித்துப் போட்டால் வீண் செலவு. நம்பாமல் ஓட்டினாலோ எஞ்சினே போய்விடலாம்.

ஆகவே நல்ல மெக்கானிக் முதலில் ஓர் அழுத்தமானியை எடுக்கிறார். இதற்கு மின்சாரம் வேண்டாம். உள்ளே சப்பையான ஒரு பித்தளைக் குழாய் வளைந்து கிடக்கிறது. ஒரு முனை திறந்து நிலையாக இருக்கும், மறுமுனை மூடித் தனித்து நிற்கும். அழுத்தத்தோடு ஆயில் புகுந்ததும் குழாய் உருண்டையாகப் பார்க்கிறது. அதனால் வளைவு நிமிர்கிறது. நம் காகிதப் பீப்பிதான்! ஆனால் இது முழத்துக்கு நீளாது. முனை மிகச் சிறிதே நகரும். பற்சக்கரம் அந்த அசைவைப் பெருக்கி முள்ளைச் சுழற்றுகிறது. பிரெஞ்சுப் பொறியாளர் யூஜீன் போர்டான் 1849இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தவறிச் சப்பையாகிவிட்ட ஒரு சுருள் குழாயை நேராக்க உள்ளே அழுத்தம் கொடுத்தபோது, அது சுருள் பிரிவதைக் கண்டதே அவருக்குக் கிடைத்த துப்பு. சைக்கிள் கடைக் காற்று இயந்திரத்தின்மேல் உள்ள வட்ட முகத்தை இனி மரியாதையோடு பாருங்கள்.

சோதனை எளிது. எஞ்சினை நிறுத்தி, ஆயில் அளவு சரிதானா என்று குச்சியில் பார்க்கிறார்கள். பிறகு ஸ்விட்சைக் கழற்றி, அதே துளையில் பொருத்தமான மரையுடன் மானியின் குழாயைத் திருகுகிறார்கள். (அந்தக் குழாயில் கொதிக்கும் ஆயில் வரும், நீங்கள் எட்ட நின்றே பாருங்கள்.) எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முள் 4, 5 கிலோ வரை பாயலாம். அதைக் கண்டு மகிழ வேண்டாம்; அது கெட்டியான ஆயிலின் வேலை. நன்றாகச் சூடான பிறகு கிடைக்கும் அளவே உண்மை. பல எஞ்சின்களில் மெதுவான ஓட்டத்தில் சுமார் 1 கிலோவும், நிமிடத்துக்கு 3000 சுற்றில் 3 கிலோவுக்குக் குறையாமலும் இருக்கும். சரியான எண்ணை அந்தந்தக் காரின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

முள் சரியான எண்ணைக் காட்ட, விளக்கும் எரிந்தால் குற்றவாளி ஸ்விட்ச். சூடான பிறகு மெதுவான ஓட்டத்தில் மட்டும் முள் தாழ்ந்தால் பேரிங் தேய்மானத்தைச் சந்தேகிக்கலாம். எல்லா வேகத்திலும் தாழ்ந்தால் பம்பையும், மிகை அழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வையும் பார்க்க வேண்டும். முள் நடுங்கினால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சுகிறதோ என்னவோ.

ஒர்க் ஷாப்பில் தேறிய கார் பந்தயத்தில் தோற்பதும் உண்டு. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முன் சென்னையின் கார் பந்தயங்கள் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்தன. வேகமாக வளைவில் திரும்பும் காரில், அடித்தொட்டியிலுள்ள ஆயில் முழுவதும் ஒருபுறமாக ஒதுங்கும். பம்பின் வாய் ஒரு கணம் காற்றை விழுங்கும். முள் சடாரென்று சரியும். நின்ற இடத்தில் செய்யும் எந்தச் சோதனையிலும் இது தெரியாது. அதனால்தான் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் ஓட்டுநரின் கண்ணெதிரே ஆயில் மானியை நிரந்தரமாகவே வைக்கிறார்கள். பல பந்தய கார்களில் இன்னும் ஒரு படி மேலே போய், அடித்தொட்டியில் ஆயிலைத் தேங்கவே விடாமல் உறிஞ்சி, உயரமான தனித் தொட்டியில் சேர்த்துவைத்து அனுப்புகிறார்கள்.