அடைத்தால் நிற்காது, வழிவிடும்: ஆயில் ஃபில்டருக்குள் ஒரு பைபாஸ்

மார்ச் 31 நெருங்கும்போது வாசகர் கடிதங்களில் வருமான வரிதான் நிரம்பியிருக்கும். இந்த முறை நடுவில் இன்ஜின் ஆயில் புகுந்துவிட்டது. “ஏப்ரல் 1 முதல் வீட்டில் ஆயில் மாற்றினால் அபராதமாமே?” என்கிறார் பல்லடத்துக்காரர் ஒருவர். “பழைய ஆயிலை ஆயில் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமாம், எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?” என்று அவிநாசியிலிருந்து ஒரு கேள்வி. மூன்றாவது கடிதம் திருப்பூர் குமார் நகரிலிருந்து வந்தது: “என் கார் வருடத்துக்கு 4,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. 10,000 ஆகும்வரை ஃபில்டரைத் தொட வேண்டாம்தானே?”

அபராதக் கதையை முதலில் முடித்துவிடுவோம். அபாயகரக் கழிவு விதிகளில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2023 செப்டம்பர் 18 அன்று ஒரு திருத்தம் வெளியிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. ஆயில் தயாரித்து விற்கிறவர்கள், பழைய ஆயிலைச் சேகரிக்கிறவர்கள், அதைச் சுத்திகரிக்கிறவர்கள், பழைய ஆயிலை இறக்குமதி செய்கிறவர்கள் என்று நான்கு தரப்பும் பதிவு செய்துகொள்ள வேண்டும். தயாரிப்பாளருக்கு ஆண்டுதோறும் ஒரு மறுசுழற்சி இலக்கு உண்டு. மார்ச் 31 அவர்களுடைய கணக்கு முடியும் நாள். போர்ட்டிகோவில் பனியனோடு படுத்துக்கொண்டு சொந்தக் காருக்கு ஆயில் மாற்றுகிறவருக்கு அந்தத் தேதியில் எந்தக் கெடுவும் இல்லை. மிச்சமெல்லாம் வாட்ஸ்அப் சேர்த்த மசாலா.

டிரெயின் போல்ட்டை எப்படிக் கழற்றுவது, எந்த ஸ்பேனர், எத்தனை லிட்டர் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. மேனுவலில் இருக்கிறது, இந்த ஊரில் பாதிப் பேருக்கு மிஷின் ஆயில் மாற்றிய கை வேறு. ஒன்று மட்டும்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். ஸ்டாண்ட் போடுங்கள்.

என்னை உட்கார வைத்தது குமார் நகர்க் கடிதம். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் வண்டியே ஏதாவது ஒரு விதத்தில் காட்டிக்கொடுக்கும் என்று அவர் நம்புகிறார். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன். கழற்றிய ஃபில்டர் ஒன்றை இரும்பு ரம்பத்தால் அறுத்துப் பார்த்த அன்று அந்த நம்பிக்கை போனது.

மேல் தகரத்தை உரித்தால் உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு காகிதச் சுருள். இழுத்தால் பாவாடைக் கொசுவம் மாதிரி நீண்டுகொண்டே போகிறது. மடிப்பின் அடியில் கறுப்பு மை போலப் படிவு, விரலில் தேய்த்தால் லேசாக நறநறக்கிறது. ஆயில் ஓரத்து ஓட்டைகள் வழியாக உள்ளே வந்து, காகிதத்தைத் தாண்டி, நடுத் துளை வழியாக இன்ஜினுக்குப் போகும். ஓரத்து ஓட்டைகளை ஒட்டி ஒரு ரப்பர் வளையம். வண்டி நிற்கும்போது ஃபில்டரில் உள்ள ஆயில் திரும்ப வழிந்துவிடாமல் அதுதான் பிடித்து வைக்கிறது. இதுவரை எல்லாம் ஒழுங்கு.

இன்னொரு முனையில், காகிதச் சுருளின் தலையில், பேனா ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்பிரிங் ஒன்று சின்னத் தட்டு ஒன்றை அழுத்திக்கொண்டிருந்தது. அதுதான் பைபாஸ் வால்வு. காகிதத்துக்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் தட்டு விலகும். அந்த அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; 8 முதல் 20 பிஎஸ்ஐ வரை என்று வைத்துக்கொள்ளலாம். டயருக்கு 32 அடிக்கிறோம், ஒப்பிட்டுப் பாருங்கள். தட்டு விலகியதும் ஆயில் காகிதத்தைத் தொடாமலே நேராக இன்ஜினுக்குப் போய்விடும். சில இன்ஜின்களில் இந்த வால்வு ஃபில்டருக்குள் இல்லாமல் இன்ஜின் உடம்பிலேயே இருக்கும். வேலை ஒன்றுதான்.

திருப்பூரில் பைபாஸ் என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று ரோடு. இன்னொன்றை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்: சுத்திகரிப்புத் தொட்டிப் பக்கமே போகாமல், ராத்திரியோடு ராத்திரியாகச் சாயத் தண்ணீரை ஓடைக்குக் கொண்டுபோகும் குழாய். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. சாயத் தண்ணீரால் நொய்யல் ஆற்றுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் என்ன நடந்தது என்பதை இந்த ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயப்பட்டறையில் குற்றமாகிற அதே ஏற்பாடு காருக்குள் வடிவமைப்பாக உட்கார்ந்திருக்கிறது.

அதற்கு நியாயமும் உண்டு, கெட்டிக்காரத்தனமான நியாயம். கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கில் உலோகமும் உலோகமும் உரசாமல் காப்பது சில மைக்ரான் தடிமனுள்ள ஆயில் படலம். நம் பஞ்சு இழை ஒன்றே 15 மைக்ரான் சுமாருக்கு வரும். அதைவிட மெல்லியது அந்தப் படலம். ஆயில் வராமல் போனால் பேரிங் நொடிகளில் தேய ஆரம்பித்துவிடும். ஆகவே ஃபில்டர் அடைத்த நேரத்தில் இன்ஜின் முன்னால் இரண்டே வழி: அழுக்கு ஆயில், அல்லது ஆயிலே இல்லை. வடிவமைத்தவர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார். சரியான முடிவுதான்.

உறுத்துவது அந்த வால்வின் மௌனம். ஆர்.ஓ. பிளாண்டில் மெம்பிரேனுக்கு முன்னால் ஒரு கேஜ், பின்னால் ஒரு கேஜ். முள் விலகினால் ஆபரேட்டர் சூப்பர்வைசரைக் கூப்பிடுவார். காரில் இரண்டு கேஜும் இல்லை. டேஷ்போர்டில் உள்ள சிவப்பு ஆயில் விளக்கு அழுத்தம் அறவே விழுந்தால் மட்டும் எரியும். பைபாஸ் திறந்திருக்கும்போது அழுத்தம் விழாது, விழாமல் இருக்கத்தானே அந்த வழி! எனவே விளக்கு எரியாது, சத்தம் வராது, வண்டி இழுவையும் குறையாது. அடைத்துப்போன ஃபில்டரோடு இன்னும் 3,000 கிலோமீட்டர் ஓட்டலாம். அத்தனை தூரமும் ஃபில்டர் வெறும் தகர டப்பாதான்.

பைபாஸ் ஃபில்டர் என்ற பெயருக்கு இதைவிடப் பழைய அர்த்தமும் ஒன்று இருக்கிறது. 1923-இல் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த பியூரோலேட்டர் ஃபில்டரில் காகிதமே கிடையாது. ட்வில் துணி போர்த்திய ஏழு தட்டுகள்தான் இருந்தன. (ட்வில் நெய்த துணி, நம் ஊர் நிட் அல்ல என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.) அந்தக் காலத்து ஃபில்டர்கள் பலவற்றில் ஆயிலின் ஒரு பங்கு மட்டும் வடிகட்டப்படும், மீதி அப்படியே சுற்றும்; அவற்றுக்குத்தான் அந்தப் பெயர். மொத்த ஆயிலும் ஃபில்டர் வழியே போகும் முறை பிற்பாடுதான் பரவலானது. மொத்தமும் போகத் தொடங்கியதால்தான் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. பதிலாக இந்த ஸ்பிரிங் வந்தது.

இனி அந்த 10,000. மேனுவலில் அது தனியாக நிற்பதில்லை. “அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது” என்ற வால் கூடவே வரும். ஷோரூமில் வால் அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. இன்னும் சில பக்கம் தள்ளினால் கடினமான பயன்பாடு என்ற பட்டியல் சின்ன எழுத்தில் இருக்கும்: தூசி, அடிக்கடி குறுகிய தூர ஓட்டம், நெரிசலில் நின்று நின்று போவது. அப்படி ஓட்டினால் இடைவெளியைக் குறைக்கச் சொல்லியிருக்கும், பல மேனுவல்களில் பாதியாகவே. வீட்டிலிருந்து பனியன் கம்பெனி, அங்கிருந்து எம்பிராய்டரி, அங்கிருந்து பேங்க், மறுபடி கம்பெனி என்று ஓடும் குமார் நகர்க் கார் விளம்பரத்தில் மலைப்பாதை ஏறுகிற கார் அல்ல. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுகிறோம். உள்ளே ஊறும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாக நேரமில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். 4,000 கிலோமீட்டர் என்பது குறைந்த ஓட்டம்தான், சுலபமான ஓட்டம் என்று சொல்ல முடியாது. டேஷ்போர்டில் வரும் சர்வீஸ் நினைவூட்டல்? பெரும்பாலான சின்னக் கார்களில் அது கிலோமீட்டரையும் நாளையும் எண்ணும் எண்ணிதான். ஆயிலை அது முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆகவே குமார் நகர் வாசகரே, வருடம் ஒரு முறை ஆயிலோடு ஃபில்டரையும் மாற்றுங்கள். ஒரு தடவை விட்டு ஒரு தடவை மாற்றினால் போதும் என்கிறவர்கள் மிச்சம் பிடித்துத் தருவது சில நூறு ரூபாய்தான்.

புது ஃபில்டரின் வெளிப்புற ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு ஆயில் தடவி, வளையம் இன்ஜினைத் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று. அவ்வளவுதான், ஸ்பேனர் வேண்டாம். அதற்கு முன் பழைய ஃபில்டரைத் திருப்பிப் பாருங்கள், அதன் வளையம் அதிலேயே இருக்கிறதா என்று. நான் ஒருமுறை பார்க்கவில்லை. பழைய வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதை வைத்து இறுக்கினேன். ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் போர்ட்டிகோ டைல்ஸில் புது ஆயில் குளம். துடைக்க ஒரு கிலோ பனியன் வேஸ்ட் போனது. நாடெங்கும் ஒர்க்‌ஷாப்புகள் கை துடைப்பதே நம் ஊர்க் கட்டிங் வேஸ்ட்டில் என்று பெருமைப்பட அது நேரமல்ல.

அவிநாசிக் கேள்விக்கு வருகிறேன். விதி “பயன்படுத்திய எண்ணெய்” என்றும் “கழிவு எண்ணெய்” என்றும் இரண்டு சொல் வைத்திருக்கிறது. ஈயம் 100 பிபிஎம், ஆர்சனிக் 5 பிபிஎம் என்று போகும் அட்டவணைக்குள் அடங்கினால் முதலாவது. அதை மறுபடி சுத்திகரிக்கலாம். சுத்திகரிக்கத் தகுதியில்லாதது இரண்டாவது, உலைக்கு எரிபொருளாகலாம். உங்கள் கேனில் இருப்பது எது என்று ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். பட்டறையில் இரண்டுக்கும் ஒரே பெயர், வேஸ்ட் ஆயில்.

“கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்” என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பது என்னவென்றால், பதிவு பெற்ற சுத்திகரிப்பாளர் தான் பதப்படுத்திய அளவுக்குச் சான்றிதழ் உண்டாக்குவார். ஆயில் கம்பெனி அதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளம் வழியே வாங்கி இலக்கைக் கணக்குக் காட்டும். முதல் ஆண்டு இலக்கு 5 சதவீதம், படிப்படியாக 50 வரை ஏறும். சான்றிதழ் எந்த ஊர் ஆயிலில் பிறந்தாலும் சரிதான். மொத்தமாக ஆயில் கிடைக்கும் தொழிற்சாலையிலிருந்து எடுப்பது சுலபம். போர்ட்டிகோவில் நான்கு லிட்டர் கேனோடு நிற்பவரைத் தேடி வர இந்தக் கணக்கில் யாருக்கும் அவசரமில்லை. பதிவு செய்ய வேண்டிய நான்கு பேரில் நீங்கள் இல்லை என்பது நிம்மதி; உங்கள் கேனுக்கும் அங்கே இடமில்லை என்பது அதன் மறுபக்கம்.

இப்போதைக்கு ஒரே வழி, பேரல் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் ஊற்றுவது. யார் வந்து பேரலை எடுக்கிறார்கள், அவருக்குப் பதிவு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே பதில் தெரியும். கூலண்டையோ தின்னரையோ அதே கேனில் கலந்தால் சுத்திகரிக்கக்கூடியதையும் கெடுத்துவிடுவீர்கள்.

ஒரு லிட்டர் பழைய ஆயில் 10 லட்சம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்கும் என்று விளம்பரங்கள் சொல்லும். ஒரு காலன் 10 லட்சம் காலனைக் கெடுக்கும் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வாசகமும் உண்டு. பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற விகிதம், அவ்வளவே. அதே ஆயிலில் நனைத்த பந்துகளைக் கொசுப்புழு ஒழிக்கத் தேங்கிய நீரில் போட்ட உள்ளாட்சிகளும் தென்னிந்தியாவில் உண்டு. விளம்பரத்தை நம்பாவிட்டாலும் பரவாயில்லை. சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று நமக்குத் தெரியும், அது போதும்.

மற்ற கடிதங்களுக்குச் சுருக்கமாக.

கரையானுக்கு, சென்ட்ரிங் பலகைக்குப் பழைய ஆயில் தடவலாமா? காலங்காலமாகத் தடவுகிறார்கள், மழையில் அது மண்ணுக்குத்தான் போகிறது.

சொறி பிடித்த நாய்க்கு? கூடவே கூடாது. அது நக்கும், உள்ளே போனால் விஷம்.

பனியன் கம்பெனித் தூசி ஆயில் ஃபில்டரை அடைக்குமா? பஞ்சு அங்கே போகாது. ஏர் ஃபில்டரையும் ரேடியேட்டரையும் பாருங்கள்.

ஃபில்டரைப் பெட்ரோலில் அலசி மறுபடி போடலாமா? உள்ளே இருப்பது காகிதம், பனியன் அல்ல.

டீசல் வண்டியில் மாற்றி 500 கிலோமீட்டரிலேயே ஆயில் கறுத்துவிட்டதே? புகைக்கரியைப் பிடித்து வைத்திருக்கிறது, அதன் வேலை அது.

மேனுவலில் 0டபிள்யூ-20 என்று இருக்க, கெட்டியாக 20டபிள்யூ-40 ஊற்றினால் நல்லதுதானே? இல்லை, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அந்த பைபாஸ் தட்டு அதிக நேரம் திறந்திருக்கும்.

வாரண்டி போய்விடுமா? வெளியே வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக மொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்று 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிரான உத்தரவில் சொன்னது, மேல்முறையீடுகள் தொடர்ந்தன. சொந்தக் கையால் மாற்றுவதைப் பற்றி அது பேசவில்லை என்பதால் வாரண்டி முடியும்வரை பொறுங்கள்.

காலி ஆயில் கேன்? அடியில் ஆணியால் ஓட்டை போட்டுப் பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள். ஓட்டை இல்லாமல் கொடுத்தால் கூடுதலாகத் தருகிறேன் என்று அவர் சொன்னால், அடுத்து அதில் எதை ஊற்றுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.