பவளப்பாறையும் நம்ம ஊர் கண்மாயும்



கப்பலூரில் கடல் இல்லை. பவளப்பாறை பற்றி நமக்கு எதுக்கு என்று கேட்பீர்கள். நம்ம திருமங்கலம் வழியாகப் போகும் குண்டாறு, கமுதியைத் தாண்டி மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில்தான் கலக்கிறது. பவளப்பாறை இருப்பதும் அந்தக் கடலில்தான்.

பவளப்பாறைன்னா என்ன?

பார்க்கக் கல்லு மாதிரி இருக்கும். ஆனால் அது கோடிக்கணக்கான சின்ன உயிரினங்கள் சேர்ந்து கட்டிய வீடு. மீன்கள் அங்கேதான் குஞ்சு வளர்க்கும். அலையின் வேகத்தையும் அது தடுக்கும்.

இராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் அரசு 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அவற்றில் 2 தீவுகள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக் காளவாசலுக்காகப் பல வருஷம் பவளத்தை வெட்டியெடுத்தது முக்கியக் காரணம். 2001-ல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தது.

சட்டம் மட்டும் போதுமா?

போதாது. கண்மாயைக் காப்பாற்ற கரையை மட்டும் பலப்படுத்தினால் போதுமா? வரத்துக்கால்வாய், மடை, உள்வாய் எல்லாம் சரியாக இருக்கணும். அதை நம்பிப் பிழைப்பவர்களும் கூடி முடிவெடுக்கணும். பவளப்பாறையும் அப்படித்தான். பக்கத்திலுள்ள கடல்புல், அலையாத்திக் காடு, ஆற்றுத் தண்ணீர், மீனவர் பிழைப்பு எல்லாத்தையும் சேர்த்துப் பார்ப்பதையே 'சூழல் சார்ந்த மேலாண்மை' என்கிறார்கள்.

இதற்காக 2000-ல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை அமைக்கப்பட்டது. கடலோர ஊர்களில் கிராமக் குழுக்களும், நம்மைப் போன்ற மகளிர் குழுக்களும் உருவாகின. மாற்றுத் தொழிலுக்குக் கடன் கொடுத்தார்கள். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள், மாதம் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள். வருமானம் குறையும் என்று தெரிந்தே எடுத்த முடிவு இது. பாசி அழிந்தால் பிழைப்பே போய்விடும் அல்லவா?

1998, 2010, 2016 வருஷங்களில் கடல் சூடாகி பவளம் வெளுத்து, நிறைய செத்தது. அந்தச் சூட்டை நாம் மட்டும் தடுக்க முடியாது. ஆனால் சத்தான உடம்பு காய்ச்சலிலிருந்து சீக்கிரம் தேறுவது போல, சாக்கடையும் குப்பையும் சேராத பவளம் மீண்டுவர வாய்ப்பு அதிகம்.

நாம் என்ன செய்யலாம்?

* பிளாஸ்டிக் பையை ஓடையிலும் கால்வாயிலும் போடக் கூடாது.
* தெருச் சாக்கடை ஓடையில் கலந்தால் கிராம சபையில் மனு கொடுக்கணும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்கள். நம்ம ஓடை சுத்தமானால் முதல் லாபம் நம்ம கண்மாய்க்கு. அடுத்த லாபம் கடலோரச் சகோதரிகளுக்கு.