ஆளில்லா விமானம் கட்டப் பயின்றேன்

ஆங்கிலத்தில் 'ட்ரோன்' என்னும் சொல் ஆண் தேனீயைக் குறிக்கும். 1930களிலே பிரித்தானியர், தம் பீரங்கி வீரர் குறிபார்த்துச் சுட்டுப் பழகுதற்பொருட்டு, வானொலி அலைகளினால் இயக்கப்படும் ஆளில்லா விமானம் ஒன்றை அமைத்து, அதற்கு 'இராணித் தேனீ' எனப் பெயரிட்டனர். அப்பெயரை ஒட்டியே 'ட்ரோன்' என்ற பெயர் வழக்கில் வந்தது என்பர். இப்பொழுது என் குரலை உங்கள் செவிகளிற் சேர்க்கும் அலைகளும் அந்த இனத்தைச் சேர்ந்தவையே.

இன்று கலியாண வீட்டிலும், கோயில் தேர்த் திருவிழாவிலும், நெல்வயலுக்கு மேலேயும் இக்கருவி இரைந்து கொண்டு நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பார்ப்பவர் யாவரும் அதனை ஓட்டுபவரையே வியக்கின்றனர். கட்டியவரையும் பழுது பார்ப்பவரையும் நினைப்பவர் அரியர். பௌதிக ஆசிரியனாக முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றபின், தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றிலே இதனைக் கட்டவும் பராமரிக்கவும் பயிற்றும் வகுப்பில் நானும் ஒரு மாணவனாகச் சேர்ந்தேன். உடன் பயின்றோர் யாவரும் என் பேரப் பிள்ளைகளின் வயதினர். போதனாசிரியரோ விமானத் திருத்தகத்திலே பல்லாண்டு வேலை பார்த்தவர். வயதில் என்னினும் இளையவர். அவர்கள் எல்லோருக்கும் நான் 'மாஸ்ரர்'தான்.

முதலில் இப்பொறி எவ்வாறு பறக்கின்றது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிலுவையின் நான்கு முனைகளிலும் நான்கு மோட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விசிறி. விசிறி காற்றைக் கீழே தள்ள, காற்று விசிறியை மேலே தள்ளுகின்றது. ஆனால் விசிறி ஒரு பக்கமாகச் சுழலும்போது, உடல் எதிர்ப்பக்கமாகச் சுழல முயலும். நான்கு விசிறிகளும் ஒரே பக்கமாகச் சுழன்றால் பொறி முழுவதும் பம்பரமாகிவிடும். ஆதலால், மூலைவிட்டத்தில் எதிரெதிரே நிற்கும் இரண்டு வலமாகவும், மற்றைய இரண்டு இடமாகவும் சுழலுமாறு அமைக்கின்றனர். திருப்பங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. முன்னே செல்ல வேண்டுமாயின் பின் மோட்டார்கள் சற்று வேகம் கொள்ளும். உடல் முன்புறம் சாயும். நின்ற இடத்திலே முகத்தைத் திருப்ப வேண்டுமாயின் ஒரு சோடியின் வேகம் கூடி மறு சோடியின் வேகம் குறையும். விமானத்திற் காணும் சுக்கானோ இறக்கைத் தட்டிகளோ இதற்குத் தேவையில்லை.

இந்த எண்ணம் புதியதன்று. 1907 ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்து லூயி பிரெகே நான்கு சுழலிகள் கொண்ட பொறியொன்றை நிலத்தினின்றும் எழுப்பினார். நால்வர் நான்கு மூலையிலும் பிடித்துக் கொண்டு நிற்க வேண்டியிருந்தது. 1924 மே மாதத்தில் எத்தியேன் ஏமிஷேன் என்பவர் அத்தகைய பொறியிலே ஏறி ஒரு கிலோமீற்றர் வட்டத்தைச் சுற்றி வந்தார். எனினும் அவ்வழி நெடுங்காலம் வளரவில்லை. நான்கு மோட்டார்களின் வேகத்தையும் கணந்தோறும் திருத்திக் கொண்டிருக்க மனிதக் கை போதாது. இன்று ஒரு தீப்பெட்டி அளவான பலகை, தன்னிலுள்ள நுண்ணிய ஜைரோஸ்கோப்பின் அளவீடுகளை விநாடிக்குப் பல நூறு முறை வாசித்து அவ்வேலையைச் செய்கின்றது. கைத்தொலைபேசிகளுக்காக இலட்சக்கணக்கிற் செய்யப்பட்ட உணரிகளே அதனை மலிவாக்கின. பிரெகேயின் நான்கு ஆட்களும் இப்பொழுது அப்பலகைக்குள்ளே நிற்கின்றனர் எனலாம்.

எங்கள் குழுவினர் நால்வர் கட்டிய பொறி, மூலைக்கு மூலை 450 மில்லிமீற்றர் அளவினது. நிறை ஏறத்தாழ 1,400 கிராம். ஒவ்வொரு மோட்டாரும் 750 கிராம் வரை தூக்கும். நான்கும் சேர்ந்து 3,000. தூக்கும் வலு நிறையின் இரு மடங்காவது இருக்க வேண்டும் என்பது விதி. அன்றேல் காற்று வீசும்போது தன்னைத் திருத்திக் கொள்ளப் பொறியிடம் மிச்சம் இராது. மோட்டாரின்மேல் 920 என்று பொறித்திருந்தார்கள். ஒரு வோல்ற்றுக்கு நிமிடத்தில் அத்தனை சுற்று என்பது அதன் கருத்து. 11.1 வோல்ற் மின்கலவடுக்கோடு பெருக்கினால், சுமையின்றி நிமிடத்துக்குப் பதினாயிரம் சுற்றுக்கு மேல் வரும். அந்த வேகத்திற் சுழலும் விசிறி, விரலை வெட்டிவிடும். எனவே, மேசையின்மேல் மோட்டாரைச் சோதிக்கும்போது விசிறிகளைக் கழற்றிவிடுதல் முதல் நாளே எங்களுக்குக் கட்டளையாயிற்று. மோட்டாருக்கு மூன்று கம்பிகள். அது தவறான பக்கம் சுழன்றால் ஏதேனும் இரண்டை மாற்றிப் பற்றாசு பிடித்தாற் போதும். இதனை அறிந்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறுபிள்ளையின் மகிழ்ச்சி.

மின்கலவடுக்கைப் பற்றித் தனியே ஒரு வாரம் படித்தோம். லித்தியம் பொலிமர்க் கலம் ஒன்று நிரம்பிய நிலையில் 4.2 வோல்ற், 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினாற் கெட்டுவிடும், பாவிக்காது வைக்கும்போது 3.8 அளவில் வைத்தல் நன்று. வீங்கிய கலத்தை ஒருபோதும் மின்னேற்றலாகாது. மின்னேற்றும் மேசையருகே எப்பொழுதும் ஒரு மணல் வாளி நிற்கும். தீப்பற்றிய கலத்தை ஒருநாள் அம்மணலில் இட்டபோது எழுந்த வெண்புகையைக் கண்டபின், வாளியைக் கேலி செய்த இளைஞர்களும் அடங்கிவிட்டனர்.

கட்டி முடிக்கும் வேலை ஒரு மாதத்துள் நிறைவுற்றது. எஞ்சிய காலம் முழுவதும் பராமரிப்பே. ஒவ்வொரு பொறிக்கும் ஒரு குறிப்பேடு. விசிறியில் வெடிப்புண்டா, திருகாணிகள் இறுகியுள்ளனவா, மோட்டாரின் போதிகை கரகரக்கின்றதா, திசைகாட்டி சரிசெய்யப்பட்டதா என்று வரிசையாகப் பார்த்து, பார்த்தவர் ஒப்பமிட வேண்டும். விமானத் திருத்தகத்து வழக்கத்தைப் போதனாசிரியர் அப்படியே கொண்டு வந்திருந்தார். விளையாட்டுப் பொருள் போன்ற இதற்கு இவ்வளவு எழுத்து வேலையா என்று நானே உள்ளூர நினைத்ததுண்டு.

பறக்கவிடும் நாளும் வந்தது. நம் நாட்டில் இதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. 2019 ஏப்பிரில் குண்டு வெடிப்புக்களின் பின்னர்ச் சில காலம் இவை பறப்பதே தடுக்கப்பட்டிருந்தது. கல்லூரி உரிய அனுமதியெல்லாம் பெற்றிருந்தது. முதல்நாள் மாலை, ஜீ.பீ.எஸ். கருவியையும் திசைகாட்டியையும் தாங்கி நிற்கும் சிறு கம்பம் முறிந்து போயிற்று. வேறு கம்பம் கிடைக்கவில்லை. நான் அக்கருவியை மேற்றட்டிலேயே, மின்கலத்தின் தடித்த கம்பிகளுக்கு அருகில், இரும்புத் திருகாணிகளால் இறுக்கினேன். அவ்வாறு இடம் மாற்றினால் திசைகாட்டியை மீளச் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பொறியைத் திறந்த வெளிக்குக் கொண்டு சென்று ஆறு பக்கமும் திருப்பிக் காட்ட வேண்டும். மழை தூறிக் கொண்டிருந்தது. குறிப்பேட்டிலே 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதி ஒப்பமிட்டேன்.

மறுநாள் பொறி அழகாக எழுந்தது. 'நின்ற இடத்தில் நில்' என்று ஆணையிட்டதும் சிறு வட்டமிடத் தொடங்கியது, வட்டம் பெரிதாயிற்று, இன்னும் பெரிதாயிற்று. போதனாசிரியர் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தம் கையில் வாங்கி முறையை மாற்றுமுன்னரே அது மதிலைக் கடந்து, தென்னையோலை ஒன்றில் மோதி, வீதியின் நடுவே விழுந்தது. சைக்கிளிலே முன்னால் ஒரு பிள்ளையை இருத்தி வந்த ஒருவர் சட்டென்று காலை ஊன்றி இறங்கினார். உடைந்து கிடந்த பொறியையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். "தம்பிமாரே, இது பிள்ளையின் தலையில் விழுந்திருந்தால்?" என்று மட்டும் கேட்டார். ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை.

நடந்தது இதுதான். இடத்தை ஜீ.பீ.எஸ். சொல்லும், வடக்கு எது என்பதைத் திசைகாட்டி சொல்லும். மின்னோட்டம் செல்லும் கம்பியைச் சுற்றிக் காந்தப் புலம் உண்டாகும் என்பதை முப்பது ஆண்டு கரும்பலகையில் எழுதியவன் நான். தரையில் நிற்கையில் மின்னோட்டம் சிறிது. ஆகவே பொறி குறை சொல்லவில்லை. எழுந்ததும் 15 அம்பியருக்கு மேற் பாய, ஊசி திரிந்தது. காற்று மேற்கே தள்ளியபோது கிழக்கே போக முயன்ற பொறி வடகிழக்கே போயிற்று. 'வடக்கே வந்துவிட்டாய்' என்று ஜீ.பீ.எஸ். சொல்லத் தெற்கே போக முயன்று தென்கிழக்கே போயிற்று. திருத்த முயலும் ஒவ்வொரு தடவையும் பிழை வளர்ந்தது. மோட்டாரிலோ பலகையிலோ பழுது ஒன்றுமில்லை. பொறி எமக்குக் கீழ்ப்படிந்தே வழி தவறியது.

போதனாசிரியர் வகுப்பின் முன்னே என்னைக் கடிந்துகொள்ளவில்லை. யாவரும் சென்றபின் ஏட்டைத் திறந்து, "மாஸ்ரர், இதில் உங்கள் கையெழுத்து இருக்கின்றது" என்றார். ஆம் என்றேன். செய்யாததைச் செய்ததாக எழுதினேன் என்பதையும் சொன்னேன். அடுத்த நாள் இளைஞர்களுக்கும் அதனை நானே சொன்னேன். அது எளிதாக இருக்கவில்லை.

திருத்த வேலை மூன்று நாள் எடுத்தது. உடைந்த கையை மாற்றினோம். புதிய கம்பம் ஒன்றின்மேல் திசைகாட்டியைக் கம்பிகளுக்கு எட்டாத உயரத்தில் நிறுத்தினோம். பித்தளைத் திருகாணிகளைப் போட்டோம். மின்கலத்தின் நேர்க்கம்பியையும் எதிர்க்கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டோம். அவ்வாறு முறுக்கினால் இரண்டின் காந்தப் புலங்களும் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும். பின்னர் மைதானத்தின் நடுவே பொறியைத் தூக்கி ஆறு பக்கமும் திருப்பினேன். அன்று அது நின்ற இடத்தைவிட்டு ஒரு பாகம்கூட விலகவில்லை. இறக்கிய பின், ஏட்டை நிரப்பிய இளைஞர் ஒப்பமிடுமுன் ஒரு சிறு காந்தத்தை எடுத்து ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் தொட்டுப் பார்த்தார். நான் அருகே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கும் முடிந்தபின் அவர் முதலிலும் நான் அடுத்தும் கையெழுத்திட்டோம்.